இருபத்தெட்டு வீட்டுக்கும் தோதான நாள்

கேள்வி: மும்பை செம்பூரில் ஏழு மாடி, 28 வீடுகள் கொண்ட எங்கள் குடியிருப்புச் சொசைட்டிக்கு நான் செயலாளர். கட்டடத்துக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டதால் மாநகராட்சிச் சட்டப்படி உறுதிச் சோதனை செய்தோம். கழிவுக் குழாய்களை மாற்றுவது, வெளிப்பூச்சு, மொட்டை மாடிக் கசிவை நிறுத்துவது என்று வேலைகள் முடிவாகியிருக்கின்றன. தீபாவளி கழித்துத் தொடங்கலாம் என்றால் ஒரு வீட்டில் பத்தாம் வகுப்புத் தேர்வு, இன்னொரு வீட்டில் கல்யாணம், இரண்டு வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. வாட்ஸ்அப்பில் நாள் கேட்டால் இருபது விதமான பதில். அட்டவணையை மூன்று முறை மாற்றிவிட்டேன். ஒப்பந்ததாரர் முகம் சுளிக்கிறார். எல்லோரையும் எப்படி ஒரு வழிக்குக் கொண்டுவருவது?

பதில்: உங்கள் அட்டவணை மாடிவாரியாகத்தானே இருக்கிறது? முதல் வாரம் முதல் மாடி, அடுத்த வாரம் இரண்டாம் மாடி? படியேறிப் பழகியவர்கள் நாம், அப்படித்தான் யோசிப்போம். கழிவுக் குழாய் அப்படி யோசிப்பதில்லை. 701-இன் குளியலறையிலிருந்து 601, 501 என்று நேராகக் கீழே இறங்குகிறது. அதை மாற்றும் நாளில் அந்த ஏழு வீட்டுக் கதவுகளும் திறந்திருக்க வேண்டும். ஏழு வீட்டிலும் யாரும் தண்ணீர் ஊற்றக் கூடாது. முதல் மாடியில் இருக்கும் நான்கு வீட்டாரும் ஒரே நாளில் சம்மதித்து என்ன பயன்?

ஆகவே 28 பேருக்கும் பொதுவான நாள் உங்களுக்குத் தேவையே இல்லை. மாடிக்கு நான்கு வீடு என்றால் நான்கு குழாய் வரிசை. வரிசைக்கு ஏழு குடும்பம். 28 பேர் ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போவது என்றால் 378 ஜோடிகள். ஏழு பேர் என்றால் 21 ஜோடிதான். நான்கு வரிசைக்கும் சேர்த்தே 84. கல்யாண வீடும் தேர்வு வீடும் வேறு வேறு வரிசையில் இருந்தால், குழாய் வேலையைப் பொறுத்தவரை ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்க வேண்டியதில்லை.

கேட்கும் கேள்வியையும் மாற்றுங்கள். "எந்த நாள் வசதி?" என்று கேட்டால் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை என்பார்கள். "எந்த நாள் முடியவே முடியாது?" என்று கேளுங்கள். திவசத்தை யாரும் தள்ளிவைக்க மாட்டார்கள். ஆனால் திதி பார்த்து முன்கூட்டியே சொல்லிவிட முடியும். தேர்வும் அப்படித்தான். அந்த நாள்களைக் கழித்துவிட்டு, வரிசைக்கு இரண்டே நாள்களைக் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஐந்து நாள்களைக் காட்டினால் மறுபடியும் இருபது பதில் வரும்.

மழை யாருடைய வசதியையும் கேட்காது. மும்பையில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் வழக்கமான தேதி ஜூன் 11. ஆனால் 2025-இல் மே 26-ஆம் தேதியே வந்துவிட்டது. ஜூன் வரை நாள் இருக்கிறது என்று சாரத்தை அவிழ்க்காமல் வைத்திருந்தவர்கள் பாடு திண்டாட்டம்தான். மே முதல் வாரத்தையே கடைசி எல்லையாக வைத்துப் பின்னோக்கி எண்ணுங்கள். பூச்சு வேலைக்குக் குறைந்தது ஏழு நாள் ஈரம் காக்க வேண்டும். ஆள் கூட்டினாலும் அது குறையாது. மொட்டை மாடியில் பிரிக் பேட் கோபா (செங்கல் துண்டுகளைப் பதித்துப் போடும் நீர்த்தடுப்புத் தளம்) போட்ட பின் தண்ணீர் தேக்கிப் பார்க்க வேண்டும், கசிந்தால் மறுபடியும் செய்ய வேண்டும். அதை ஜனவரியிலேயே தொடங்கிவிடுங்கள். ஹோலிக்கு ஊர் போகும் தொழிலாளர்கள் மறுநாளே திரும்புவதில்லை. அந்த வாரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இனி முக்கியமான விஷயம். நெகிழ்வு என்றால் தேதியைத் தள்ளிக்கொண்டே போவது என்று நினைக்கிறோம். கட்டுமானத் துறையில் கிளென் பல்லார்ட் உருவாக்கிய 'லாஸ்ட் பிளானர்' என்ற திட்டமிடும் முறையில் வேறொரு வழி உண்டு: எந்த நாளிலும் எடுத்துச் செய்யக்கூடிய வேலைகளைக் கையிருப்பாக வைத்துக்கொள்வது. 402-இல் திடீரென்று கதவு திறக்கவில்லை என்றால் அன்று பிளம்பருக்கு வேறு வேலை தயாராக இருக்க வேண்டும். மேல்தொட்டி வால்வு, வளாகத்துச் சாக்கடைக் குழாய், இப்படி. கொத்தனாருக்குச் சுற்றுச்சுவர். அவரவர் தொழிலுக்குத் தனித்தனிக் கையிருப்பு வேண்டும். பிளம்பரை மாடிப்படிக்கு வர்ணம் அடிக்கச் சொல்ல முடியாது. ஒப்பந்ததாரர் முகம் சுளிப்பது தேதி மாறுவதற்காக அல்ல, ஆள்கள் சும்மா உட்கார்ந்தாலும் கூலி கொடுக்க வேண்டியிருப்பதற்காக.

எனக்கே இது பட்டுத்தான் தெரிந்தது. பல ஆண்டுகளுக்கு முன் மாட்டுங்காவில் ஒரு கட்டடம். ஆறு வீடு திறந்திருந்தது, ஏழாவது வீட்டுக்காரர் சாவியோடு அலுவலகம் போய்விட்டார். மூன்று பிளம்பர்கள் மாலை வரை படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் மாடி மாமி இரண்டு முறை டீ கொடுத்தார். கூலியைச் சொசைட்டி கொடுத்தது. பூட்டிய வீடுகளின் சாவி, உரிமையாளரின் எழுத்து அனுமதியோடு, வேலைக்கு ஒரு வாரம் முன்பே உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். குடித்தனக்காரர் இருந்தால் அவரிடமும் தனியாகப் பேசுங்கள். உரிமையாளர் தலையாட்டியது போதாது.

அறிவிப்பை லிஃப்ட் பக்கத்தில் ஒரே தாளில் ஒட்டுங்கள். வரும் வாரத்து வேலை பேனாவில், அதற்கடுத்த ஐந்து வாரம் பென்சிலில். பேனாவில் எழுதியதை யார் மாற்றலாம் என்பதைப் பொதுக்குழுவில் தீர்மானமாகவே போட்டுவிடுங்கள்: செயலாளரும் இன்னொருவரும், இரண்டே பேர். மூன்று நாள் முன்பு சொன்னால் மாற்றலாம். அதற்குப் பிறகு என்றால், நோயும் இறப்பும் தவிர, அன்றைய கூலி அந்த வீட்டுக் கணக்கில். கடுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுதி வைத்த இடங்களில் அதை வசூலித்ததை நான் அபூர்வமாகவே பார்த்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் வருவது பேச்சு, தாளில் இருப்பதே தேதி என்பதையும் அந்தத் தீர்மானத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

இதையெல்லாம் தொடங்குவதற்கு முன் பிளம்பரை அழைத்துக்கொண்டு ஒருமுறை மாடியிலிருந்து கீழே வரை குழாய்களைப் பாருங்கள். சில பழைய கட்டடங்களில் பக்கத்துப் பக்கத்து வீடுகள் இரண்டுக்கும் ஒரே குழாய் இருக்கும். உங்களுடையதும் அப்படி என்றால் வரிசை நான்கல்ல, இரண்டு. ஒரு நாளில் திறக்க வேண்டிய கதவுகள் பதினான்கு. சாவிகளை இன்னும் முன்கூட்டியே வாங்கத் தொடங்க வேண்டியிருக்கும்.