செல்லுக்குள் ஒரு மெய்ப்புத் திருத்துநர்

நோய்க்கூறியல் ஆய்வகத்தில் முப்பது ஆண்டுகள் நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்தவள் நான். நம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

செல் பிரியும்போது டி.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது என்று படித்தேன். அதில் பிழையே வராதா? (பிளஸ் டூ மாணவி, தேவிபட்டினம்)

வரும், கண்ணு. டி.என்.ஏ. என்பது ஏ, டி, ஜி, சி என்ற நான்கு வேதி எழுத்துகளால் ஆன நீண்ட வரிசை. ஒவ்வொரு முறையும் சுமார் 600 கோடி எழுத்துகளைப் படியெடுக்க வேண்டும். அதைச் செய்யும் பாலிமரேஸ் நொதி ஏறக்குறைய ஒரு லட்சம் எழுத்துக்கு ஒன்றைத் தவறாக வைக்கிறது. அப்படியே விட்டால் 60,000 பிழைகள். ஆனால் தவறியதும் அந்த நொதியே ஓரடி பின்வாங்கி, வைத்ததை வெட்டிவிட்டுச் சரியானதை வைக்கிறது. அதற்கும் தப்பியதைத் தேடி இன்னொரு புரதக் குழு பின்னாலேயே வருகிறது. கடைசியில் நூறு கோடி எழுத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் பிழை மிஞ்சும்.

இரண்டு இழைகளில் எது மூலம், எது பிழையான படி என்று அந்தக் குழுவுக்கு எப்படித் தெரியும்? (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கீழக்கரை)

ஐயா, இந்தத் துறையின் உயிர்நாடியான கேள்வி இது. உங்கள் ஊரில் அரபுத்தமிழ்ப் பிரதிகளைக் கையால் படியெடுத்தவர்களுக்கும் இதே சிக்கல் இருந்திருக்கும். இரண்டு ஏடுகளை அருகருகே வைத்தால் வேறுபாடு தெரிந்துவிடும். எது மூலம் என்று தெரியாமல் கை வைத்தால் மூலமே கெட்டுவிடும்.

ஏ எதிரே டி, ஜி எதிரே சி இருக்க வேண்டும். ஜி எதிரே டி வந்து உட்கார்ந்தால் அந்த இடம் சற்றே நெகிழ்கிறது. ஈ.கோலி பாக்டீரியாவில் மட்எஸ் என்ற புரதம் அங்கே இழையை மடக்கிப் பிடித்துக்கொள்கிறது. பழைய இழையில் ஆங்காங்கே மெத்தில் என்ற சிறு வேதி அடையாளம் இருக்கும். புதிய இழையில் அது பதியச் சில நிமிடங்கள் ஆகும். அந்த இடைவெளிக்குள் அடையாளம் இல்லாத இழை மட்டும் வெட்டப்பட்டு, மீண்டும் எழுதப்படுகிறது. அமெரிக்க உயிர்வேதியியலாளர் பால் மாட்ரிச் 1989இல் இந்த முழு வேலையையும் சோதனைக் குழாயில் நடத்திக் காட்டினார். 2015 வேதியியல் நோபல் பரிசை தாமஸ் லிண்டால், அஜீஸ் சாங்கர் ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார். மனித செல்லில் மெத்தில் அடையாளம் இந்த வேலைக்குப் பயன்படுவதில்லை. புதிய இழையில் இருக்கும் வெட்டுகளே அதைக் காட்டிக் கொடுக்கின்றன.

அப்பாவுக்கு 44 வயதில் பெருங்குடல் புற்றுநோய் வந்து இறந்தார். அத்தைக்குக் கருப்பையில். தாத்தாவுக்கும் குடலில்தான். சாபம் என்கிறார்கள், அம்மா. (மீனவர், தங்கச்சிமடம்)

சாபம் இல்லை, தம்பி. யாரும் செய்த பாவமும் இல்லை. நீங்கள் சொல்வது லிஞ்ச் நோய்க்குறி போல இருக்கிறது; புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டும், பரம்பரையாக வரும் மரபணுப் பழுது அது.

மேலே சொன்ன திருத்தும் வேலையை நம் உடலில் செய்பவை முக்கியமாக நான்கு மரபணுக்கள்: எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2. ஒவ்வொன்றும் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டு இருக்கும். ஒன்று பிறக்கும்போதே பழுதாக இருந்தாலும் மற்றது சமாளிக்கும். குடலில் ஏதோ ஒரு செல்லில் அந்த நல்லதும் கெட்டுப்போனால், அங்கே திருத்த ஆள் இல்லை. ஒரே எழுத்து அடுத்தடுத்து வரும் இடங்களில்தான் பாலிமரேஸ் அதிகம் வழுக்கும். செல் பெருகுவதை அடக்கும் டி.ஜி.எஃப்.பி.ஆர்.2 மரபணுவில் ஓரிடத்தில் பத்து ஏ வரிசையாக நிற்கின்றன. ஒன்பது என்று எழுதிவிட்டால் அதற்குப் பிறகு வரும் அத்தனையும் குழம்பிவிடும். அடக்கும் கை போய்விடும்.

பழுது இருந்தால் பிள்ளைக்குப் போகும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஆனால் தெரிந்துகொண்டவர் தப்ப வழி உண்டு: 20–25 வயதிலிருந்தே ஓரிரு ஆண்டுக்கு ஒரு முறை கொலோனோஸ்கோப்பி, அதாவது கேமரா குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை. புற்றாக மாறும் முன்பே கட்டியை எடுத்துவிடலாம்.

பாட்டிக்கு லிஞ்ச் உறுதியாகியிருக்கிறது. எனக்கு மாமன் மகளைப் பேசி வைத்திருக்கிறார்கள். (தொண்டி)

பாட்டியின் பழுது உங்கள் தாய் வழியாக உங்களுக்கும், மாமன் வழியாக அவளுக்கும் வந்திருக்கலாம். இருவருக்கும் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து: இரண்டும் பழுதாகப் பிறந்து, சிறு வயதிலேயே மூளையிலோ இரத்தத்திலோ குடலிலோ புற்று வரும். திருமணத்தை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. பரிசம் போடும் முன் இருவரும் இரத்தச் சோதனை செய்துகொள்ளுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

நாள் முழுக்க வெயிலில் கடல்பாசி எடுக்கிறோம். வெயில் டி.என்.ஏ.வைக் கெடுக்குமா? (பாம்பன்)

கெடுக்கும், ஆனால் அது படியெடுக்கும் பிழை இல்லை. அடுத்தடுத்த இரண்டு டி எழுத்துகள் ஒட்டிக்கொள்ளும். வேறொரு குழு சுமார் முப்பது எழுத்துத் துண்டையே வெட்டியெடுத்து நிரப்பிவிடும். தலைத்துணியும் முழுக்கைச் சட்டையும் போதுமான உதவி.

அப்பா போய் ஆறு ஆண்டாகிறது. இனி எதைச் சோதிப்பது? (தங்கச்சிமடம் மீனவர், மீண்டும்)

அறுவை செய்த கட்டியின் துண்டை மெழுகில் பதித்து வைப்பார்கள். பல ஆண்டுகள் கெடாது. அப்பாவின் பயாப்சி (திசுச் சோதனை) அறிக்கையைத் தேடுங்கள். மேல் பகுதியில் ஓர் எண் இருக்கும். அதைக் காட்டி, அறுவை நடந்த மருத்துவமனையில் மெழுகுக் கட்டையைக் கேளுங்கள். அந்த நான்கு புரதங்களும் இருக்கின்றனவா என்று சாயமேற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று இல்லையென்றால், அடுத்து உங்கள் இரத்தம். அத்தையையும் கூட்டிப் போங்கள்.