பனியன் கம்பெனியில் ஆறு மாதப் பயிற்சி: சேரும் முன்னும் சேர்ந்த பின்னும்

கேள்வி: என் மகள் ஐடிஐயில் தையல் தொழில்நுட்பம் ஓராண்டுப் படிப்பை முடித்திருக்கிறாள். திருப்பூரில் 200 பேர் வேலை செய்யும் ஏற்றுமதி நிறுவனம் ஒன்று ஆறு மாதப் பயிற்சிக்குக் கூப்பிடுகிறது. “முதலில் கைமடியில் (டெய்லருக்கு உதவியாளாக) நிற்கட்டும், அப்புறம் மெஷினுக்கு மாற்றுகிறோம், பணம் பிறகு பேசிக்கொள்ளலாம்” என்கிறார்கள். அனுப்பலாமா? ஆறு மாதத்தில் உருப்படியாக என்ன கற்க முடியும்? (தாராபுரத்திலிருந்து ஒரு தாய்)

பதில்: அனுப்பலாம். ஆனால் “பிறகு பேசிக்கொள்ளலாம்” என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். இப்போதே பேசி, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தொழிற்பழகுநர் சட்டம், 1961-ன் கீழ், 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை (அப்ரென்டிஸ்களை) எடுத்தே ஆக வேண்டும். 200 பேர் என்றால் குறைந்தது 5 பேர். ஆகவே உங்கள் மகளைச் சேர்த்துக்கொள்வது அவர்கள் செய்யும் உபகாரம் இல்லை. ஒப்பந்தம் மத்திய அரசின் அப்ரென்டிஸ்ஷிப் போர்ட்டலில் பதிவாக வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 2019-ல் திருத்திய விதிகள் ஐடிஐ சான்றிதழ் வைத்திருப்பவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையாக மாதம் ரூ.7,000 வைத்தன. கையெழுத்திடும் நாளில் நடப்பில் உள்ள தொகையைப் போர்ட்டலில் சரிபார்த்துவிடுங்கள். உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் ரூ.1,500 வரை, மத்திய அரசே ஏற்கும் திட்டமும் இருக்கிறது. “எங்களுக்குக் கட்டுப்படியாகாது” என்று இழுத்தால் இதைச் சொல்லுங்கள்.

இன்னும் மூன்று விஷயம். திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் சர்வசாதாரணம். பழகுநருக்கோ பழகுநர் ஆலோசகர் என்ற அரசு அதிகாரியின் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் கிடையாது. அசல் சான்றிதழ்களைக் கொடுக்காதீர்கள், நகல் போதும். 2013-ம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் பழகுநருக்கும் பொருந்தும், கம்பெனி வேனுக்கும் பொருந்தும். உள்ளகப் புகார்க் குழுவில் யார் யார் என்று முதல் நாளே அவள் தெரிந்துகொள்ளட்டும். இதெல்லாம் அதிகப்படியாகத் தோன்றலாம். ஆனால், கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லி இளம்பெண்களைச் சேர்த்த நூற்பாலைகளின் சுமங்கலித் திட்டத்தில் மூன்றாண்டு வேலை வாங்கப்பட்ட பெண்களின் பெயரும் பதிவேட்டில் பெரும்பாலும் ‘பயிற்சியாளர்’ என்றுதான் இருந்தது.

கைமடிக்கு வருவோம். அதில் தொடங்குவது தப்பில்லை. பீஸை மடித்து அடுக்குவது, நூல் வெட்டுவது, டெய்லருக்கு எடுத்துக் கொடுப்பது என்று இரண்டு வாரம் நின்றால், எந்தப் பாகம் எதற்குப் பின் எதனுடன் சேர்கிறது என்பது மனத்தில் பதிந்துவிடும். மூன்றாவது வாரமும் அங்கேயே நின்றால் அது பயிற்சி இல்லை, சம்பளம் குறைந்த ஹெல்பர் வேலை. எனவே சேரும்போதே பிரிவுவாரியாக வாரக்கணக்கு கேளுங்கள். நாங்கள் சொல்லும் பங்கீடு இது: துணிக் கிடங்கும் துணிச் சோதனையும் 2 வாரம், கட்டிங் 3, கைமடி 2, ஓவர்லாக் (ஓரம் சேர்த்துத் தைக்கும் மெஷின்) 4, பேட்லாக் (அடி மடிப்பு தைக்கும் மெஷின்) 4, சிங்கர் (நேர்த்தையல் மெஷின்) 2, செக்கிங் 3, அயர்னிங்-பேக்கிங் 1, நேரக்கணக்கும் உற்பத்தித் திட்டமும் 3, சாம்பிள் பிரிவு 2. மொத்தம் 26 வாரம். இது அப்படியே நடக்காது. திங்கட்கிழமை ஆள் குறைந்தால் சூப்பர்வைசர் இவளைத்தான் இழுப்பார். போகட்டும், இழந்த நாளைக் குறித்துவைத்து அந்தப் பிரிவில் திருப்பிக் கேட்க வேண்டும்.

ஐடிஐயில் மெஷின் ஓட்டக் கற்றிருப்பாள். ஒரு டேமேஜ் எங்கே பிறந்தது என்று தேடிப்போகும் பழக்கம் கம்பெனியில்தான் கிடைக்கும். செக்கிங் மேசைக்கு ஒரு டி-ஷர்ட் வருகிறது. தோள் தையலை ஒட்டி ஊசிமுனை அளவில் ஓட்டைகள். “நிட்டிங் ஓட்டை” என்று டேமேஜ் பெட்டியில் போட்டுவிடுவார்கள். தையலை இரு கையாலும் இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டைகள் தையல் கோட்டிலேயே வரிசையாக வந்தால் அது ஊசி வெட்டு. முனை மழுங்கிய ஊசி நூலை விலக்கிக்கொண்டு போகாமல் அறுத்துவிடுகிறது. முதலில் ஊசியை மாற்ற வேண்டும். மெல்லிய சிங்கிள் ஜெர்ஸிக்கு (டி-ஷர்ட்டின் ஒற்றைப் பின்னல் துணிக்கு) 11-ம் நம்பர் ஊசி ஓடினால் 10-க்கு இறக்கலாம், முனை பால்பாயின்டாக, அதாவது சீராக உருண்டு, இருக்க வேண்டும். அப்படியும் வந்தால் மெஷின் வேகத்தைக் குறைத்துப் பார்க்க வேண்டும். அதற்கும் நிற்காவிட்டால் துணியிலேயே சாஃப்ட்னர் (மென்மையாக்கும் பொருள்) போதாமல் வறண்டிருக்கலாம். டையிங் (சாயம் போடும் இடம்) வரை கேள்வி போகும். இந்த வரிசை முக்கியம். எடுத்தவுடன் டையிங்கைக் குறை சொல்பவரிடம் கற்க ஒன்றுமில்லை.

பேட்லாக்கில் அடி மடிப்பு அலை அலையாக வந்தால் துணி இழுபட்டுத் தைக்கப்படுகிறது என்று அர்த்தம். டெய்லரின் கை இழுக்கிறதா, டிஃபரன்ஷியல் ஃபீட் (துணியை முன்னும் பின்னும் வெவ்வேறு அளவில் நகர்த்தும் அமைப்பு) போதவில்லையா என்று பார்க்க வேண்டும். ஃபீடைக் கூட்டினால் அலை அடங்கும், அளவு மீறினால் சுருங்கும்.

கட்டிங்கில் கவனிக்க ஒரே ஒரு சோதனை சொல்கிறோம். ரோலாகச் சுற்றி வந்த பின்னல் துணி இழுபட்ட நிலையில் இருக்கும். அதைப் பிரித்துப் போட்டு 12 முதல் 24 மணி நேரம் ஆறவிட்டு வெட்ட வேண்டும். அவசரத்தில் விட்டுவிடுவார்கள். வெட்டிய உடனே ஒரு பாகத்தின் நீளத்தை அளந்து, மறுநாள் காலை அதையே மீண்டும் அளக்கட்டும். குறைந்திருந்தால், பின்னால் அளவுக் குறை என்று ஆர்டர் திரும்புவதற்கான காரணம் அவள் கையில் இருக்கிறது.

நேரக்கணக்குப் பிரிவை பெண்பிள்ளைகளுக்குக் காட்டாமல் விடுகிற இடங்கள் உண்டு. கேட்டு வாங்குங்கள், பிற்காலத்தில் டெய்லர் நாற்காலியிலிருந்து எழ வழி அதுதான். உதாரணமாக, பக்கத் தையலை 10 முறை அளந்து சராசரி 32 வினாடி வந்தது, டெய்லரின் வேகம் வழக்கமான வேகத்தில் 90 சதவீதம் என்று வையுங்கள். அப்படியானால் வழக்கமான வேகத்தில் 28.8 வினாடி. களைப்பு, நூல் அறுதல் போன்றவற்றுக்கு 15 சதவீதம் கூட்டினால் 33.1 வினாடி, மணிக்கு சுமார் 109 பீஸ். உண்மையில் 80 வருகிறது என்றால் மீதி 29 எங்கே போனது? பண்டல் அவிழ்ப்பதிலா, முந்தைய மெஷினுக்காகக் காத்திருப்பதிலா? விடையைத் தேடி லைனில் அரைநாள் நின்றாலே பாடம்.

செக்கிங்கில் 2.5 ஏக்யூஎல் (ஒரு லாட்டில் பொறுத்துக்கொள்ளும் பழுதின் எல்லை) என்ற பேச்சு அடிபடும். 501 முதல் 1,200 பீஸ் வரையிலான லாட்டில், சாதாரணச் சோதனையில் 80 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். 5 பீஸ் வரை பழுதிருந்தால் லாட் தேறும், 6 என்றால் நிற்கும். அந்தப் பழுதுகளின் பட்டியலை அவள் நோட்டில் எழுதி, எதிரே எந்த மெஷின், என்ன காரணம், என்ன செய்தார்கள் என்று குறிக்கட்டும். வாரம் ஒருமுறை சூப்பர்வைசர் கையெழுத்து வாங்கட்டும். சலித்துக்கொள்வார், ஆனாலும் போடுவார்.

முடிவில் “நன்னடத்தையுடன் பயிற்சி பெற்றார்” என்ற ஒற்றை வரிச் சான்றிதழை வாங்கி வராதீர்கள். ஓட்டிய மெஷின்கள், செய்த ஆபரேஷன்கள், ஒவ்வொன்றிலும் வாரக்கணக்கு ஆகியவை அதில் இருக்க வேண்டும். அடுத்த கம்பெனியில் அதைப் படித்தும் பார்க்கலாம், பார்க்காமலும் போகலாம். ஆனால் ஓவர்லாக்கின் நூலை மொத்தமாக உருவிவிட்டுக் கோக்கச் சொல்வார்கள். மேல் லூப்பர், கீழ் லூப்பர் (ஊசியின் நூலோடு பின்னிக்கொள்ளும் நூலைக் கொண்டுவரும் கொக்கிகள்), கடைசியில்தான் ஊசி. ஊசியை முதலில் கோத்தால் நாலு தையலில் நூல் அறும்.