மாங்காய் லோடு, திரும்பிய செக், சாட்ஜிபிடி நோட்டீஸ்

போச்சம்பள்ளி நண்பருக்கு, மாங்காய் லோடுக்கு வியாபாரி கொடுத்த செக் திரும்பிவிட்டது, சாட்ஜிபிடி எழுதிய நோட்டீஸில் மூன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இருக்கின்றன, அப்படியே அனுப்பலாமா என்கிறீர்கள். வேண்டாம். சாட்ஜிபிடி, இல்லாத தீர்ப்பையும் இருப்பதுபோல எழுதும். 2023-ல் நியூயார்க்கில் அப்படித் தாக்கல் செய்த வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. உங்கள் நோட்டீஸுக்குத் தீர்ப்பே தேவையில்லை. செக் எண், தேதி, தொகை, திரும்பிய காரணம், பணத்தைக் கேட்டு ஒரு வரி, அவ்வளவுதான்.

நாள் கணக்கில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நோட்டீஸ் அனுப்ப 45 நாள் என்று சாட்ஜிபிடி சொன்னது தப்பு. மாற்றுமுறை ஆவணச் சட்டம் (Negotiable Instruments Act) பிரிவு 138-ன்படி, செக் திரும்பியதாக பேங்க் தரும் மெமோ கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். அது வியாபாரி கைக்குக் கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்கு. நோட்டீஸ் அனுப்பிய தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அப்புறம், சந்தேகம் என்றால் 15100-க்கு போன் போடுங்கள், இலவசச் சட்ட உதவி எண் அது.