போதிய தரவு இல்லாமல் தொழில் முடிவெடுத்தால் உண்மையில் என்ன செலவாகிறது?

கையில் கணக்கில்லாமல் குத்துமதிப்பாக எடுத்த முடிவுக்குப் பின்னால் கட்டுகிற பணம்தான் இந்தச் செலவு. எந்தப் பில்லிலும் வராது, அதனால் பலர் கண்ணில் படுவதே இல்லை.

மன்னார்குடிப் பக்கம் ஒரு விதைக்கடை என்று வையுங்கள். மேட்டூர் அணை வழக்கம்போல ஜூன் 12-ல் திறந்துவிடும் என்று கடைக்காரர் மே மாதமே கடன் வாங்கிக் குறுவை, அதாவது குறுகிய கால நெல், விதையை அடுக்கிவிடுகிறார். 2024-ல் தண்ணீர் விட்டதோ ஜூலை 28-ல். அப்படி ஒரு வருடம் வந்தால் போர்செட் இருப்பவர்கள்தான் குறுவைக்கு வாங்குவார்கள், ஆற்றுப் பாசனக்காரர்கள் அடுத்த போகமான சம்பா நெல்லுக்குத் தாவிவிடுவார்கள். மூட்டை கிடக்கும், வட்டி ஓடும். அதைவிட வலிப்பது, சம்பா விதை கேட்டு வருகிறவருக்குக் கொள்முதல் செய்யக் காசிருக்காது. பணம் ஓரிடத்தில் முடங்கினால் அடுத்த வாய்ப்பும் சேர்ந்தே போகிறது, காரணம் அவ்வளவுதான். (அணை நீர்மட்டம் பேப்பரிலேயே வருகிறது!)

எத்தனை பேர் என்று கேட்காமல் பந்திக்கு உலை வைப்பது மாதிரி. மிஞ்சினால் சோறு வீண், குறைந்தால் சொந்தக்காரர் பேச்சு.

அப்புறம், தரவு என்றதும் கம்ப்யூட்டர், சாப்ட்வேர் என்று பலர் நினைக்கிறார்கள். மூன்று வருட விற்பனை நோட்டும், வாடிக்கையாளர்களில் எத்தனை பேரிடம் போர்செட் இருக்கிறது என்ற எண்ணிக்கையும்கூடத் தரவுதான்.