கண்ணாடியில் ஒட்டிய அப்பப்பாவின் படம்

கேள்வி: காரைதீவில் எங்கள் வீட்டில், அப்பப்பா ஓர் ஓட்டுக் கட்டடத்தின் முன் சிலரோடு நிற்கும் பழைய படம் இருக்கிறது. கண்ணாடியோடு ஒட்டிவிட்டது. எப்படிக் கழற்றுவது? ஆவணக்காப்பகங்களில் 'அம்பாறை' என்று தேடியும் ஒன்றும் அகப்படவில்லை.

பதில்: கழற்றவே வேண்டாம். நம்மூர்க் கடற்காற்றின் ஈரத்தில் படத்தின் மேலுள்ள ஜெலட்டின் படலம் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். தண்ணீரில் ஊறவைக்கச் சொல்பவர்களை நம்பாதீர்கள். கண்ணாடியோடு வைத்தே 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்து, தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாகச் சேமியுங்கள். படம் மங்கலாக வந்தால், ஜன்னலோரம் வைத்துக் கமராவால் எடுங்கள். பிரதிபலிப்பு விழாமலிருக்க எதிரே ஒரு கறுப்புத் துணியைப் பிடித்தால் போதும்.

அப்புறம், பின்பலகையின் ஆணிகளை மெல்ல நெம்பிப் பாருங்கள். அட்டையில் ஸ்டூடியோ முத்திரை இருக்கலாம். பிரேம் போட்டவர் இடையில் பழைய பத்திரிகைத் தாள் வைத்திருந்தால் அதிர்ஷ்டம்தான். ஆனால் அந்தத் தேதி பிரேம் போட்ட காலத்துக்குத்தான் துப்பு. படம் அதற்கும் முந்தியதாக இருக்கலாம்.

தேடல் விடயத்துக்கு வருவோம். அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். அதற்கு முந்திய காரைதீவு, கல்முனை, அக்கரைப்பற்றுப் படங்கள் மட்டக்களப்பின் கீழேயே கிடக்கும். சிலவற்றில் 'கிழக்கு மாகாணம், சிலோன்' என்பதோடு சரி. ஆள் பெயரை வைத்துத் தேடாதீர்கள், கட்டடத்தைத் தேடுங்கள். வெள்ளைக்காரர் காலத்துப் படங்களில் கோட்டைக்கும் பாலத்துக்கும் பெயர் இருக்கும். எதிரே நிற்கும் மனிதர் பல நேரம் வெறும் 'தமிழர்' அல்லது 'சோனகர்' (முஸ்லிம்) தான். இது எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் விடயம். ஆனால் கட்டடம் காலத்தைக் காட்டிக்கொடுக்கும். மட்டக்களப்பின் கல்லடியில் எடுத்த படமென்றால், அங்குள்ள பழைய இரும்புப் பாலம் திறந்தது 1924இல். படத்தில் அது முழுதாக நின்றால் அதற்கு முந்திய படமாக இருக்க முடியாது.

மற்றவர்களின் பெயர்கள் ஆவணக்காப்பகத்தில் கிடைப்பது அரிது, ஊரில்தான் கிடைக்கும். பெரிய பிரதி ஒன்று அச்சிட்டு, ஒவ்வொரு தலைக்கும் எண் போட்டு, வயதானவர்களிடம் தனித்தனியே காட்டுங்கள். கூட்டமாக உட்கார்த்தினால் குரல் உரத்தவர் சொல்வதே முடிவாகிவிடும். யார் எந்தப் பெயரைச் சொன்னார் என்பதையும் குறித்துவையுங்கள். எண்மிய பிரதியை அந்தக் குறிப்போடு நூலகம் நிறுவனம் போன்ற ஆவணப்படுத்துவோரிடம் கொடுக்கலாம். மூலப்படம் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும், ஈரச் சுவரில் மட்டும் மாட்டாதீர்கள்.