தோசை 90, டீ 15... யார் மேல கோவப்படுறது?

(வாசகர் கேள்வி பதில்)

வெளிய சாப்புடுற செலவு பத்தி எழுதுங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தேன், வந்து குவிஞ்ச லெட்டர்ல பாதிக்கு மேல ஒரே வருத்தம்தான். எங்கப்பா மதுரைல 20 வருஷத்துக்கு மேல மெஸ் நடத்துனவரு. கல்லா பக்கத்துல உக்காந்து வீட்டுப்பாடம் எழுதி வளந்தவ நான். அதனால கடைக்காரங்க கஷ்டமும் தெரியும், மாசக் கடைசில பர்ஸைத் தொறந்து பாக்குற கஷ்டமும் தெரியும். ரெண்டையும் வெச்சுதான் பதில் சொல்றேன்.

அக்கா, நானும் வீட்டுக்காரரும் பனியன் கம்பெனில வேலை பாக்குறோம். ஞாயித்துக்கெழமை சாயங்காலம் மட்டும் பிள்ளைங்க ரெண்டு பேரையும் ஓட்டலுக்கு கூட்டிட்டு போவோம். கொரோனாவுக்கு முன்னாடி 300 ரூபாய்ல முடிஞ்சது, இப்ப 640 ஆகுது, சாப்புடுறது அதே தோசை பரோட்டாதான். போன வாரம் பில்லைப் பாத்துட்டு இவரு கல்லாவுல சத்தம் போட்டுட்டாரு, எனக்கு அவமானமா போச்சு. நெசமாவே ஓட்டல்காரங்க கொள்ளையடிக்கிறாங்களா?
- வாசகி, திருப்பூர்

உங்க வீட்டுக்காரர் கோவம் எனக்கு நல்லாவே புரியுது தங்கச்சி. வாரம் ஆறு நாள் மெஷின்ல குனிஞ்சு சம்பாதிச்ச காசு, அது ஒரு மணி நேரத்துல போறப்ப வயிறு எரியத்தான் செய்யும். ஆனா அந்த 640ல கல்லாவுல உக்காந்திருக்குறவரு வீட்டுக்கு எவ்வளவு போகுதுன்னு கொஞ்சம் பாப்போம்.

மொதல்ல கேஸ். நம்ம வீட்டுல இருக்கறது 14.2 கிலோ சிலிண்டர், அதுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். ஓட்டலுக்கு 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர், அதுக்கு 18 சதவீதம். அந்த விலை பெரும்பாலும் மாசம் ஒண்ணாந்தேதி ஒண்ணாந்தேதி மாறும், 2022 மே மாசம் சென்னைல ஒரு சிலிண்டர் 2500ஐ தாண்டிப் போச்சு, அப்பறம் ஏறி எறங்கிட்டு இருக்கு. மாசக் கடைசி வந்தாலே எங்கப்பா கேஸ் ஏஜென்சிக்கு போன் போட்டு "நாளைக்கு ஏறுதா எறங்குதா"ன்னு கேப்பாரு, அந்த பதட்டம் எனக்கு இப்பவும் ஞாபகம் இருக்கு.

அடுத்தது எண்ணெய். நாம நெறைய பாமாயில் வாங்கறது இந்தோனேசியா, மலேசியாலேர்ந்துதான். 2022 ஏப்ரல் கடைசில இந்தோனேசியா ஏற்றுமதிய நிறுத்துனாங்க, ஒரு மாசம் கூட ஆகல திரும்ப விட்டுட்டாங்க, ஆனா அதுக்குள்ள விலை எங்கயோ போயிருச்சு. 2024 செப்டம்பர்ல நம்ம அரசாங்கமே இறக்குமதி வரிய 20 சதவீதம் கூட்டுச்சு, அடுத்த வருஷம் மே மாசக் கடைசிலதான் சுத்திகரிக்காத சமையல் எண்ணெய்க்கு அதுல பாதிய கொறைச்சாங்க. பரோட்டா மாஸ்டர் கல்லுல ஊத்துற எண்ணெய்க்கு பின்னாடி இவ்வளவு இருக்கு. தேங்காய் பத்தி சொல்லவே வேணாம், பொள்ளாச்சி பக்கம் வெள்ளை ஈயும் வாடல் நோயும் காய்ப்பைக் கொறைச்சிருச்சு, 2025ல கிலோ 60 ரூபாய்க்கு மேல போனப்ப எத்தனை கடைல சட்னி தண்ணியாச்சு, ரெண்டாவது தடவ கேட்டா சப்ளையர் காதுல விழாத மாதிரி போனாருன்னு நீங்களும் கவனிச்சிருப்பீங்க.

பில்லுல தெரியாத ஒரு விஷயம் இருக்கு, அதையும் சொல்லிடறேன். 2017 ஜூலைல ஜிஎஸ்டி வந்தப்ப ஏசி ஓட்டலுக்கு 18, சாதா ஓட்டலுக்கு 12னு இருந்துச்சு. அதே வருஷம் நவம்பர்ல கிட்டத்தட்ட எல்லாத்தையும் 5 ஆக்குனாங்க, நமக்கெல்லாம் ஒரே சந்தோஷம். ஆனா கூடவே ஒரு நிபந்தனை. மத்த வியாபாரத்துல சரக்கு வாங்கறப்ப கட்டுன வரிய அப்பறம் கழிச்சுக்கலாம், இந்த 5 சதவீத ஓட்டல்காரங்களுக்கு அது கெடையாது. கேஸுக்கு கட்டுன 18, கடை வாடகைக்கு கட்டுன 18, எல்லாம் அவங்க தலைலதான் நிக்கும், நின்னா என்ன ஆகும், தோசை விலைக்குள்ள போயி உக்காந்துக்கும். அதனால நாம கண்ணால பாக்குற வரி 5னாலும் உள்ள தெரியாம இருக்கற வரி வேற.

ஆள் சம்பளம் இன்னொண்ணு. நல்ல மாஸ்டருக்கு தினச்சம்பளம், தங்க ரூம், மூணு வேளை சாப்பாடு குடுத்தாதான் நிப்பாரு. அதை நான் தப்புன்னு சொல்ல மாட்டேன், விடிகாலை 4 மணிக்கு அடுப்பு பத்த வெக்கிறவருக்கு அந்தக் காசு போய்ச் சேரணும்.

அப்போ யாருமே கொள்ளையடிக்கலியான்னு கேட்டா, அப்படியும் சொல்ல மாட்டேன். ஊத்தப்பத்துல நாலு வெங்காயம் கூடப் போட்டு "ஸ்பெஷல்"னு பேர் வெச்சு 60 ரூபா ஏத்துறாங்க, தக்காளி கிலோ 150 வித்தப்ப ஏத்துன விலைய அது 20க்கு வந்தப்பறமும் எறக்க மாட்டேங்குறாங்க, அதுக்கு எந்த நியாயமும் இல்ல. உங்களுக்கு என் யோசனை என்னன்னா, ஞாயித்துக்கெழமை போறதை நிறுத்தாதீங்க, பிள்ளைங்க வாரம் பூரா அதுக்காக காத்திருக்கும். ஏசி ஹாலுக்கு பதிலா கீழ சாதா ஹால்ல உக்காருங்க, நெறைய கடைல ரெண்டுக்கும் ரேட் வேற. உக்காந்ததும் மெனு கார்டு கேட்டு வாங்கி விலைய பாத்துட்டு ஆர்டர் குடுங்க, அதுல எந்தக் கூச்சமும் வேணாம். கல்லாவுல சத்தம் போடுறதுக்கு இது எவ்வளவோ மேல்.

டீ 10லேர்ந்து 15 ஆச்சு சரி, பில்டர் காபி எதுக்கு 35, 40னு விக்குது? பக்கத்துல கூர்க்லதான காபி விளையுது, வெளிநாட்டுலேர்ந்தா வருது?
- வாசகர், கோயம்புத்தூர்

கூர்க்லயும் சிக்கமகளூர்லயும் நம்ம ஏற்காட்டுலயும் விளையறது வாஸ்தவம். ஆனா இந்தியாவுல விளையற காபில பெரும்பகுதி ஏற்றுமதி ஆகுது, அதனால வெளிச் சந்தைல என்ன விலையோ அதை ஒட்டித்தான் உள்ளூர்லயும் விலை. ரோபஸ்டா ரகக் கொட்டை அதிகமா வர்றது வியட்நாம்ல, அராபிகா ரகம் அதிகமா வர்றது பிரேசில்ல, ரெண்டு எடத்துலயும் மழை பொய்ச்சு 2024ல விலை ஏற ஆரம்பிச்சு 2025 பிப்ரவரில அராபிகா அதுவரைக்கும் பாக்காத உச்சத்துக்கு போச்சு. நம்ம தெருமுனைல அரைச்சுக் குடுக்குற கடைலயும் அந்த சூடு வந்துருச்சு. சிக்கரி கூடப் போட்டு சமாளிக்கிறவங்களும் இருக்காங்க, குடிச்சாலே தெரியும், நெறம் கருகருன்னு இருக்கும், மணம் இருக்காது.

பாலையும் சேத்துக்கோங்க. 2022 நவம்பர்ல ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பால் அட்டை இல்லாதவங்களுக்கு லிட்டர் 48லேர்ந்து 60 ஆச்சு, ஒரே நாள்ல 12 ரூபா. டீக்கடைக்கு ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் வேணும்னு நெனச்சுப் பாருங்க.

ஆனா ஒரு வருத்தத்தையும் சொல்லணும். நாம டீக்கு குடுக்குற கூடுதல் 5 ரூபா நீலகிரில இலை பறிக்கிற சிறு விவசாயிக்கு போகுதுன்னு நெனச்சிராதீங்க. பசுந்தேயிலைக்கு கட்டுபடியாகுற விலை வேணும்னு அவங்க எத்தனையோ வருஷமா போராடிட்டு இருக்காங்க. கோத்தகிரி பக்கம் போனீங்கன்னா தோட்டத்துக்காரங்க கிட்ட ஒரு வார்த்தை பேசிப் பாருங்க, மனசு கஷ்டப்படும்.

ஆபீஸ் நண்பர்களோட ஒரு ரெஸ்டாரன்ட் போனோம், பில்லுல 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ்னு 280 ரூபா. எடுக்கச் சொல்லலாமா? எல்லார் முன்னாடியும் கேக்க வெக்கமா இருந்துச்சு, கட்டிட்டு வந்துட்டேன்.
- வாசகர், சென்னை

அடுத்த தடவ தாராளமா கேளுங்க தம்பி. சர்வீஸ் சார்ஜ் அரசாங்க வரி கெடையாது, பேரு அப்படி இருக்கறதால நெறைய பேரு வரின்னு நெனச்சு கட்டிட்டு வந்துடறாங்க. 2022 ஜூலைலயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதை பில்லுல தானா சேக்கக் கூடாது, வேற பேர்லயும் வாங்கக் கூடாதுன்னு விதிமுறை போட்டாங்க. ஓட்டல் சங்கங்க கோர்ட்டுக்கு போனாங்க, 2025 மார்ச்ல டெல்லி ஹைகோர்ட் அந்த விதிமுறை செல்லும், கட்டாயப்படுத்தி வாங்கக் கூடாதுன்னு தீர்ப்பு குடுத்துருச்சு. "இதை எடுத்துட்டு வேற பில் போடுங்க"ன்னு அமைதியா சொன்னா போதும், முடியாதுன்னா 1915க்கு போன் போடுங்க, அது தேசிய நுகர்வோர் உதவி எண்.

பில்ல கைல எடுத்ததும் இன்னொண்ணையும் பாருங்க. வருஷத்துக்கு ஒன்றரை கோடி வரைக்கும் வியாபாரம் பண்ற ஓட்டல்காரங்க காம்போசிஷன்னு ஒரு திட்டத்துல இருக்கலாம், அவங்க தன் கைக்காசுலேர்ந்துதான் வரி கட்டணும், நம்மகிட்ட தனியா ஜிஎஸ்டி வாங்கவே கூடாது. "காம்போசிஷன்"னு போர்டு வெச்சுட்டு பில்லுல 5 சதவீதம் சேத்தா அது தப்பு.

சர்வீஸ் சார்ஜை எடுக்கச் சொல்ற நீங்க சப்ளையர் கைல 20 ரூபா குடுத்துட்டு வாங்க, இது என் சொந்த வேண்டுகோள். முன்னாடி பில் தட்டுல சில்லறை வெப்போம், சோம்பு எடுத்துட்டு பத்து ரூபா விட்டுட்டு வருவோம், இப்ப எல்லாம் ஸ்கேன் பண்ணிட்டு எந்திரிச்சு போயிடறோம். எங்க மெஸ்ல வேலை பாத்த ஒரு அண்ணன் அந்தச் சில்லறைலதான் மகளுக்கு ஸ்கூல் பீஸ் கட்டுனாரு. அந்த காசு இப்ப அவங்களுக்கு வர்றதே இல்ல.

தியேட்டர்ல பாப்கார்ன் 250 ரூபா. வீட்டுலேர்ந்து முறுக்கு கொண்டு போனா வாசல்லயே வாங்கி வெச்சுக்கறாங்க, இது சட்டமா?
- வாசகி, திருச்சி

ஆமாங்க, அவங்க தடுக்கலாம். 2023 ஜனவரில சுப்ரீம் கோர்ட் வெளிச் சாப்பாடு வேணாம்னு சொல்ற உரிமை தியேட்டருக்கு உண்டுன்னு சொல்லிருச்சு. ஆனா குடிக்க நல்ல தண்ணி இலவசமா வெக்கணும், கைக்குழந்தைக்கு கொண்டு போற சாப்பாட்டை தடுக்கக் கூடாது, இது ரெண்டும் அதே தீர்ப்புல இருக்கு. தண்ணி எங்கன்னு கேளுங்க, பாட்டில் வாங்குங்கன்னு சொன்னா விடாதீங்க. எனக்கு அந்த தீர்ப்புல உடன்பாடு இல்ல, முறுக்கு கொண்டு போறதுல யாருக்கு என்ன நஷ்டம்னு தெரியல, ஆனா சட்டம் இப்ப அப்படித்தான். நாங்க வீட்டுல சாப்புட்டுட்டு மேட்னிக்கு கெளம்பிடறோம், இடைவேளைல வெளிய போறதே இல்ல.

10 ரூபா சிப்ஸ், பிஸ்கட் பாக்கெட் விலை ஏறவே இல்ல, ஆனா உள்ள பாதி காத்துதான் இருக்கு. ஜிஎஸ்டி கொறைஞ்சுதே, எங்க கொறைஞ்சுது?
- வாசகி, நாகர்கோவில்

நல்லா கவனிச்சிருக்கீங்க. 5, 10 ரூபா பாக்கெட்டுல விலைய ஏத்துனா பிள்ளைங்க வாங்காதுன்னு கம்பெனிக்காரங்களுக்கு தெரியும், அதனால எடைய கொறைப்பாங்க. 2025 செப்டம்பர் 22லேர்ந்து பிஸ்கட், சாக்லேட், ஐஸ்கிரீமுக்கெல்லாம் வரி 18லேர்ந்து 5க்கு வந்துச்சு, அதனால கிராம் கூடிருக்கான்னு பாக்கெட் பின்னாடி பாருங்க, கூடலன்னா 1915க்கு சொல்லலாம். 2024லேர்ந்து ஒரு கிராம் என்ன விலைன்னும் பாக்கெட்ல அச்சடிக்கணும், எழுத்து பொடிசா இருக்கும், தேடிப் பாருங்க. அதையும் நம்ம கோவில்பட்டி கடலை மிட்டாய் கிலோ விலையையும் பக்கத்துல வெச்சுப் பாத்தப்பறம் எங்க வீட்டுல சிப்ஸ் பாக்கெட் வாங்கறதே நின்னு போச்சு.

மகளே, நான் ரிட்டையர் ஆகி 9 வருஷம் ஆகுது. தினம் சாயங்காலம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீக்கடைல கூட்டாளிங்க மூணு பேரோட ஒரு காபி, ஒரு பருப்பு வடை. 30 ரூபா. போன வாரம் பையன் கணக்கு போட்டு, வருஷத்துக்கு 10,950 ஆகுதேப்பா, வீட்டுலயே போட்டு குடிக்கலாமேன்னான். அவன் தப்பா சொல்லல, வீட்டு லோன் ஓடிட்டு இருக்கு. ஆனா அன்னிலேர்ந்து நான் போகல. இது ஊதாரித்தனமா?
- வாசகர், திண்டுக்கல்

ஐயா, இன்னிக்கு சாயங்காலமே கெளம்பிப் போங்க. உங்க லெட்டரை மூணு தடவ படிச்சேன். மெஸ்ஸை மூடுனப்பறம் எங்கப்பாவும் இப்படித்தான், 20 வருஷம் ஊருக்கே காபி போட்டவரு, சாயங்காலம் ஆனா சட்டைய மாட்டிட்டு அடுத்த தெரு டீக்கடைக்கு போயிடுவாரு. வீட்டுல காபி இல்லாமயா? பெஞ்சுல உக்காந்து பேப்பரை நாலு பேரு பங்கு போட்டுப் படிச்சு, யாரு வரலைன்னு கேட்டு, யாருக்கு ஒடம்பு சரியில்லன்னு தெரிஞ்சுக்கிட்டு வர்றதுக்குத்தான். கால் முடியாம அவரு வீட்டோட இருந்த கடைசி ஒரு வருஷம், 5 மணி ஆனா வாசலையே பாத்துட்டு இருப்பாரு. அந்தக் கடைக்காரரு ரெண்டு நாள் பாத்துட்டு தூக்குவாளில டீ குடுத்து அனுப்புனாரு, காசு வாங்கல.

உங்க பையன் கணக்கு சரிதான், கடன் கழுத்தை நெரிக்கிறப்ப எல்லாமே கணக்காத்தான் தெரியும், அவர் மேல வருத்தப்படாதீங்க. வடைய ரெண்டு நாளைக்கு ஒரு தடவன்னு வேணா வெச்சுக்கோங்க, ஒடம்புக்கும் நல்லது. ஒரு லீவு நாள்ல பையனையும் கூட்டிட்டு போயி அந்த பெஞ்சுல உக்கார வெச்சு ஒரு காபி வாங்கிக் குடுங்க, கூட்டாளிங்க மூணு பேரும் அவர்கிட்ட பேசட்டும்.

இன்னொண்ணு ஐயா. உங்க லெட்டர்ல வீட்டு அம்மாவைப் பத்தி ஒரு வார்த்தை கூட இல்ல. அவங்க இருக்காங்கன்னா வெள்ளிக்கெழமை கோயிலுக்கு போயிட்டு வர்ற வழில ஏதாவது ஒரு ஓட்டல்ல உக்கார வெச்சு ஒரு நெய் ரோஸ்ட்டை ரெண்டு பேரும் பங்கு போட்டுட்டு ஆளுக்கு ஒரு காபி சொல்லுங்க. அடுத்தவங்க போட்டுக் குடுத்த காபிய அவங்க குடிச்சு எத்தனை வருஷம் ஆச்சோ.