சிபியு சும்மா இருக்கிறது, டேட்டாபேஸ் மட்டும் இழுக்கிறது. எங்கே பார்ப்பது?

போஸ்ட்கிரெஸ் (டேட்டாபேஸ் மென்பொருள்) சர்வரில் சிபியு 15 சதவீதத்தைத் தாண்டவில்லை, ஆனாலும் பில் போடும் திரை நிமிஷக்கணக்கில் சுற்றுகிறது, ராம் கூட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். உங்கள் செஷன்கள், அதாவது டேட்டாபேஸுடன் திறந்திருக்கும் இணைப்புகள், வேலை செய்யவில்லை, எதற்காகவோ காத்துக் கிடக்கின்றன. எதற்காக என்று முதலில் பாருங்கள். 2016ல் வந்த 9.6 பதிப்பிலிருந்தே பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி என்ற, ஒவ்வொரு செஷனும் என்ன செய்கிறது என்று காட்டும் வியூவில் வெயிட்_ஈவன்ட்_டைப், வெயிட்_ஈவன்ட் என்று இரண்டு நெடுவரிசைகள் இருக்கின்றன: எந்த வகைக் காத்திருப்பு, குறிப்பாக எதற்காக என்று அவை சொல்லும்.

எனக்கும் ஒரு மாதக் கடைசியில் இதேதான் நடந்தது. பிஎஸ்கியூஎல் என்ற கமாண்ட் லைன் கருவியில் அந்த வியூவை ஒரு விநாடிக்கு ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தேன். நாற்பது செஷன் ஆக்டிவ், அத்தனையும் லாக், அதாவது இன்னொருவர் பிடித்திருக்கும் பூட்டுக்காகக் காத்திருப்பவை. அதில் ஒன்று மட்டும் டிரான்ஸாக்‌ஷன்ஐடி, மற்றதெல்லாம் டியூப்பிள் (ரோவின் ஒரு பதிப்பு). இந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள். ஒரே ரோவை (டேபிளின் ஒரு வரியை) அப்டேட் செய்யப் பலர் நின்றால், முதல் ஆள் அந்த ரோவைப் பிடித்திருக்கும் டிரான்ஸாக்‌ஷன் (ஒன்றாகவே முடிய வேண்டிய வேலைத் தொகுப்பு) முடியக் காத்திருப்பார். பின்னால் நிற்பவர்கள் டியூப்பிள் லாக்குக்கு நிற்பார்கள். அதாவது எல்லோரும் மோதிய இடம் ஒன்றே: பில் நம்பர் வைத்திருந்த ஒற்றை ரோ.

டிரான்ஸாக்‌ஷன்ஐடி காட்டிய செஷனின் பிஐடியை (ப்ராசஸ் எண்ணை), அதை யார் தடுக்கிறார்கள் என்று சொல்லும் பிஜி_பிளாக்கிங்_பிஐடிஸ் ஃபங்ஷனுக்குக் கொடுத்தேன். கிடைத்த செஷன் 11 நிமிஷமாக 'ஐடில் இன் டிரான்ஸாக்‌ஷன்', காத்திருப்பது கிளையன்ட்ரீடில். டேட்டாபேஸ் தன் வேலையை முடித்துவிட்டு எங்கள் அப்ளிகேஷனின் அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தது! நம்பரை எடுத்துவிட்டு, கமிட் போட்டு டிரான்ஸாக்‌ஷனை முடிக்காமலேயே எஸ்எம்எஸ் அனுப்பப் போன கோடு அங்கே மாட்டிக்கொண்டிருந்தது. அந்தச் செஷனை பிஜி_டெர்மினேட்_பேக்எண்டால் முடித்ததும் நாற்பதும் மளமளவென்று நகர்ந்தன. பிறகு எஸ்எம்எஸ்ஸை கமிட்டுக்குப் பின்னால் தள்ளினோம். ஐடில்_இன்_டிரான்ஸாக்‌ஷன்_செஷன்_டைம்அவுட்டை 30 விநாடி ஆக்கினோம்: அதற்கு மேல் இப்படிச் சும்மா கிடக்கும் செஷனை டேட்டாபேஸே துண்டித்துவிடும். அது இயல்பாக 0, அதாவது அணைந்தே இருக்கும்.

வெறும் 'ஐடில்' (டிரான்ஸாக்‌ஷன் எதுவும் இல்லாமல் சும்மா நிற்கும்) செஷனும் கிளையன்ட்ரீட்தான் காட்டும், அதைத் துரத்தாதீர்கள். ஐஓ, டேட்டாஃபைல்ரீட் என்று நிறைய வந்தால் விஷயம் வேறு: டிஸ்க்கிலிருந்து அதிகம் படிக்கிறது, அந்தக் குவெரிக்கு இண்டெக்ஸ் இருக்கிறதா பாருங்கள்.

ஒன்றே ஒன்று: தயவுசெய்து ரீஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் பாருங்கள். இந்த வியூ அந்த நொடியை மட்டுமே காட்டும். நான் இப்போதெல்லாம் 5 விநாடிக்கு ஒருமுறை அதை ஒரு டேபிளில் எழுதி வைக்கிறேன்.